நிக்கல் வேறு, வனேடியம் வேறு: நேர்காணலில் நான் தடுமாறிய இடம்

பொறியியல் பட்டதாரிகளுக்கான ‘கேட்’ (GATE) தேர்வில் கெமிக்கல் தாளுக்குத் திருத்துறைப்பூண்டியில் வீட்டிலிருந்தே படித்தேன். எழுத்துத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. நேர்காணலில்தான் மாட்டிக்கொண்டேன். கனமான எண்ணெயை வினையூக்கி வைத்துப் பெட்ரோலாக உடைக்கும் எஃப்.சி.சி. அலகைப் பற்றிக் கேட்டார்கள்.

“எஃப்.சி.சி. வினையூக்கி ஏன் செயலிழக்கிறது?”

“கோக் படியும், உலோகம் நஞ்சாகும்” என்றேன். கோக் என்பது வினையூக்கியின் மேல் படியும் கரி; உலோகம் எண்ணெயோடு வருவது.

“கோக்கை எரித்துவிடலாம். உலோகத்தை? நிக்கலும் வனேடியமும் செய்வது ஒரே வேலையா?”

வாயே எழவில்லை. ‘உலோக நஞ்சு’ என்று ஒரே வரியில் மனப்பாடம் செய்திருந்தேன். நீங்கள் அப்படிப் படிக்காதீர்கள். ஒவ்வொரு உலோகமும் என்ன செய்கிறது என்று தனித்தனியாகப் பாருங்கள்.

நிக்கல், வினையூக்கியில் முக்கிய வேலை செய்யும் ஜியோலைட் படிகத்தை உடைப்பதில்லை. தானே வினையூக்கியாகி, ஹைட்ரோகார்பனிலிருந்து ஹைட்ரஜனைக் கழற்றிவிடும். ஹைட்ரஜன் வாயுவும் கோக்கும் கூடும், பெட்ரோல் குறையும். ஆன்டிமனி என்ற தனிமத்தைச் சேர்த்து அதை அடக்குவார்கள்.

வனேடியம் கட்டமைப்பையே அழிக்கும். கோக்கை எரித்து வினையூக்கியைப் புதுப்பிக்கும் ரீஜெனரேட்டரின் வெப்பம் சுமார் 700 டிகிரி செல்சியஸ். வனேடியம் பென்டாக்சைடு உருகுவது ஏறக்குறைய 690-இல். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், விஷயம் பிடிபட்டுவிடும். உருகிய வனேடியம் நீராவியோடு சேர்ந்து அமிலமாகி, ஒரு துகளிலிருந்து இன்னொன்றுக்கும் பரவி, ஜியோலைட் படிகத்தைச் சிதைக்கும். கூடவே சோடியம் இருந்தால் இன்னும் மோசம். எரித்தாலும் உலோகம் போகாது என்பதால்தான் பழைய வினையூக்கியில் கொஞ்சம் எடுத்துவிட்டுப் புதிதைப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

அப்புறம், கந்தகம் நீக்கும் உலை. கனமான எண்ணெயில் வரும் நிக்கலும் வனேடியமும் அங்கே சல்பைடாகி, வினையூக்கியின் துளை வாயிலேயே படியும். உள்ளே பரப்பு நன்றாகத்தான் இருக்கும், எண்ணெய் போய்ச் சேராது. புத்தகத்தில் இரண்டு முறை படித்தும் மண்டையில் ஏறவில்லை. அந்த வருடம் மேட்டூர் திறந்தும் எங்கள் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. அப்பாவோடு மண்வெட்டி எடுத்துப் போனால், வாய்க்கால் தலைப்பில் முழங்கால் அளவு வண்டல். வயலில் ஒரு குறையும் இல்லை. அங்கே நின்றபோதுதான் துளை வாய் அடைப்பு புரிந்தது.

அன்று இரவு காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டேன்: உலோகம், எங்கே படியும், எதைக் கெடுக்கும், எரித்தால் போகுமா, எப்படித் தடுப்பது. அடுத்த நேர்காணல் வரை சுவரில் அந்தத் தாள்தான் ஒட்டியிருந்தது. செயலிழப்புக் கணக்குகளை அதன் பிறகு போடுங்கள். வினையூக்கியின் செயல்திறன் (சமன்பாட்டில் ‘ஏ’) ஏன் நேரத்தோடு குறைகிறது என்று தெரிந்தபின் சமன்பாடு தடுமாற வைக்காது.