பக்கத்துத் தோல்

மூக்கில் வந்த புற்றுநோய்க் கட்டியை எடுத்த பிறகு எஞ்சும் குழி பல நேரம் சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். "தொடையிலிருந்து கொஞ்சம் தோல் எடுத்து ஒட்டிட முடியாதா டாக்டர்?" என்று வீட்டார் கேட்பார்கள். ஒட்டலாம், பிடித்துக்கொள்ளவும் செய்யும். ஆனால் மூக்குக்கு வந்த பிறகும் அது தொடைத் தோல்தான். நிறம் சேராது, பளபளப்பு சேராது, ஒட்டிய இடம் பள்ளமாகத் தெரியும். காதோரத் தோல் சில இடங்களுக்குப் பரவாயில்லை. மற்றபடி மூக்கின் மேற்பகுதி, கன்னம், நெற்றி என்று பக்கத்திலேயே தேடுவதுதான் என் வழக்கம். அங்கிருக்கும் தோலை முழுதாக அறுத்தெடுக்காமல், ரத்தம் வரும் ஒரு பக்கத்தை அப்படியே விட்டு, நகர்த்தியோ திருப்பியோ பொருத்துவதைத்தான் ஃப்ளாப் என்கிறோம்.

பயிற்சிக்கு வரும் இளம் டாக்டர்கள் முதலில் குழியை அளப்பார்கள். "அளவு இருக்கட்டும், சுத்தி இருக்கிற தோலைக் கிள்ளிப் பாருங்க" என்பேன். மூக்கின் மேல் பாதியில் தோல் மெல்லியது, விரலோடு நகரும். நுனிக்கு வந்தால் தடித்து, எண்ணெய்ப் பசையோடு, அடியில் இறுகிப்போய் இருக்கும். மேலே நேராகத் தைத்துவிடக்கூடிய குழியை நுனியில் அப்படித் தைத்தால் மூக்குத் துவாரத்தின் விளிம்பு மேலே ஏறிவிடும். அந்த விளிம்பில் தாங்கிப் பிடிக்கக் குருத்தெலும்பு கிடையாது. ஓரிரு மில்லிமீட்டர் ஏறினாலே முகம் கோணலாகத் தெரியும். என்னைப் பொறுத்தவரை குழியை மூடுவதைவிட, தையலின் இழுவை எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் பெரிய கேள்வி.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த விடை 1918-இல் எஸ்ஸர் என்ற டச்சு அறுவை மருத்துவர் விவரித்த இரட்டை மடல் ஃப்ளாப். ஒரே ஃப்ளாப்பில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மடல்கள். முதல் மடல் குழியை நிரப்பும், இரண்டாவது மடல் முதல் மடல் விட்டுவந்த இடத்தை நிரப்பும். கடைசியில் தைத்து மூடும் இடம் தோல் தளர்ந்திருக்கும் மேற்பகுதியாக அமைந்துவிடும். இழுவை முழுவதும் அங்கே போய்விடுகிறது. முன்பு இதை 180 டிகிரி வரை திருப்பினார்கள், தோல் புடைத்துக்கொண்டது. 1989-இல் ஸிடெல்லி என்ற அமெரிக்க மருத்துவர் அதை 100 டிகிரிக்குள் கொண்டுவந்த பிறகு, சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் வரையான நுனிக் குழிகளுக்கு அருமையாகப் பொருந்துகிறது.

மூக்குத் துவாரத்தின் வெளிப்பக்கச் சுவருக்குக் கன்னத் தோல் நல்லது, தழும்பு மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்கும் கன்னக் கோட்டில் மறைந்துவிடும். ஆண்கள் என்றால் தாடி வளரும் இடத்தைத் தவிர்த்து வரைய வேண்டும், இல்லாவிட்டால் மூக்கில் முடி முளைக்கும்.

குழி பெரிதென்றால் நெற்றிதான். புருவத்தின் உள்முனை அருகே மேலேறும் ரத்தக்குழாயை வைத்து, ரத்தம் வருவதற்காக ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்துக்குள் தோலால் ஆன ஒரு காம்பு விட்டு, நெற்றித் தோலைக் கீழே திருப்புவோம். மூக்கு நுனியில் பாதிக்கு மேல் போயிருந்தால், மீதி நல்ல தோலையும் எடுத்துவிட்டு நுனி முழுவதையும் புதிதாக மூடுவது உண்டு. கேட்பவர்கள் பதறுவார்கள். தழும்பு இயற்கையான எல்லையில் விழுந்தால்தான் கண்ணுக்குத் தெரியாது. உட்புறச் சவ்வும் போயிருந்தால் அதையும் குருத்தெலும்பையும் சேர்த்தே அமைக்க வேண்டும், வெறும் தோல் சுருங்கித் துவாரத்தை அடைத்துவிடும்.

அந்தக் காம்பு சுமார் 3 வாரம் முகத்தில் இருக்கும், பிறகுதான் வெட்டுவோம். கண்ணாடி போடுவது சிரமம், வெளியே போகக் கூச்சம். அதனால் முன்கூட்டியே படங்களைக் காட்டிவிடுகிறேன், கூட இருப்பவர்களுக்கும் சேர்த்து. பார்த்துத் தயாரானவர்கள் அந்த நாட்களை நன்றாகவே கடக்கிறார்கள். புனே பக்கம் நடந்த இப்படியொரு நெற்றி ஃப்ளாப் பற்றி 1794-இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் கடிதம் வந்தது. அதிலும் காம்பை ஏறக்குறைய 25-ஆம் நாள்தான் வெட்டியதாக இருக்கிறது. ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஜோசப் கார்ப்யூ 1814-இல் லண்டனில் செய்துகாட்டியதும் அந்த முறையைத்தான்.

முதல் இரண்டு நாள் ஃப்ளாப்பின் நிறத்தை நானே போய்ப் பார்ப்பேன். வெளுத்துக் குளிர்ந்திருந்தால் ரத்தம் வந்து சேரவில்லை. நீலம் பாரித்தால் வந்த ரத்தம் திரும்பப் போகவில்லை, சில சமயம் ஒரு தையலைத் தளர்த்தினாலே சரியாகிவிடும். புகைப்பவர்களிடம் மட்டும் நான் கறார். நிகோடின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும், ஃப்ளாப்பின் ஓரம் கருகும். நிறுத்தும்வரை காயத்தை வேறு வகையில் மூடிவைத்துக் காத்திருக்கச் சொல்லவும் தயங்குவதில்லை.

நெற்றியில் தைத்து மூட முடியாமல் விட்ட காயத்தைப் பற்றித்தான் வீட்டார் அதிகம் கவலைப்படுவார்கள். அதை ஈரப்பதத்தோடு கட்டி விட்டுவிட்டால், சில வாரங்களில் தானாகவே சுருங்கி மூடிக்கொள்கிறது.