பள்ளி வேன் போன பிறகு

எட்டே காலுக்குப் பிள்ளையை வேனில் ஏற்றிவிட்டால் மாலை நாலு மணி வரை நேரம் நம் கையில். வீட்டிலிருந்து எழுதத் தொடங்குகிறவர்கள் இந்தக் கணக்கை வைத்துத்தான் கெடு சொல்கிறார்கள். பாத்திரம், துணி, கேஸ் சிலிண்டர், வங்கி, பள்ளி வாட்ஸ்அப் குழு எல்லாம் போக எழுத மிஞ்சுவது மூன்று மணி நேரம். அதிலும் இடைவிடாமல் கிடைப்பது ஒன்றரை மணி. "வீட்லதானே இருக்கே" என்று சொந்தக்காரர்கள் ஒப்படைக்கும் வேலைகளை இதில் சேர்க்கவில்லை.

அந்த ஒன்றரை மணியில் முதல் வரைவைத் தவிர வேறு எதற்கும் கை போகக் கூடாது. மின்னஞ்சலைத் திறந்தால் பாதி போய்விடும். பில் போடுவது, படக்குறிப்பு எழுதுவது, தேதியும் பெயரும் சரிபார்ப்பது எல்லாம் வீட்டுப்பாடம் நடக்கும் மேசையிலேயே முடியும். மெய்ப்புப் பார்ப்பதை மட்டும் அங்கே வைத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளை வாய்விட்டுப் படிக்கிற வரி காதில் விழ, கண் எழுத்தைத் தாண்டி ஓடிவிடும். ஒற்றுப்பிழையெல்லாம் அப்படியே தங்கிவிடும். பேட்டியைக் கேட்டுத் தட்டச்சு செய்வதற்கும் தனி நேரம் வேண்டும். ஒரு மணி நேரப் பதிவுக்கு நாலு மணி நேரமாவது பிடிக்கும்.

குறுக்கீட்டைத் தவிர்க்க முடியாது. அதனால் விட்ட இடத்துக்குத் திரும்பும் வழியைத்தான் பார்க்க வேண்டும். எழுந்து போகும் முன் வரைவின் அடியில் ஒரு வரி: "அடுத்து: ஏரி மதகை யார் திறப்பது, தலைவர் சொன்னது பதிவில் 14-ஆம் நிமிடம்." பத்து விநாடி வேலைதான். இது இல்லாவிட்டால் திரும்பி வந்ததும் மேலிருந்து எல்லாவற்றையும் படித்தாக வேண்டும். மணி பார்க்கத் தெரியாத பிள்ளையிடம் "அரை மணி நேரம்" என்றால் புரியாது. "பெரிய முள் ஆறுக்கு வந்ததும் வர்றேன்" என்றால் புரியும். முள் ஆறுக்கு வந்ததும் வாக்கியத்தைப் பாதியில் விட்டாவது எழுந்து போக வேண்டும். ஒருமுறை தவறினால் அடுத்த முறை அந்தப் பேச்சு செல்லாது.

கெடு சொல்வதற்கு முன் பள்ளி நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறை, டிசம்பரில் அரையாண்டு விடுமுறை, மே முழுவதும் கோடை. நவம்பரில் மழை விடுமுறையை ஆட்சியர் பல நாள் விடிகாலையில்தான் அறிவிக்கிறார். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் வேலை நாளில், காலையில் தொடங்கிப் பிற்பகல் வரை நீளும். ஐந்து நாளில் முடியும் கட்டுரைக்கு எட்டு நாள் கேளுங்கள். காய்ச்சல் வந்தால் அந்த மூன்று நாள் போதாது, ஆனாலும் பத்திரிகை ஆசிரியருக்கு முன்கூட்டியே சொல்ல இடம் கிடைக்கும். கெடு நாளன்று மாலை தெரிவிப்பதைவிட மோசமானது எதுவுமில்லை.

மொழிபெயர்ப்புக்குக் கூலி பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் ஆயிரம் சொல் இருப்பது தமிழில் பெரும்பாலும் எழுநூறு, எண்ணூறாகச் சுருங்கும். வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதுதான் காரணம். "எழுதிக்கொண்டிருந்தபோது" என்பது தமிழில் ஒரே சொல். தமிழ்ச் சொல் எண்ணிக்கைக்கு விலை பேசினால் உழைப்பில் கால்பங்கு கணக்கிலேயே வராது. மூலச் சொல் எண்ணிக்கைக்குப் பேசுவதே நியாயம்.

பணம் தாமதமாவதுதான் இந்தத் தொழிலின் பெரிய சுமை, ஏனெனில் பள்ளிக் கட்டணத்துக்குத் தவணை தப்பாது. உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, இலவசம், இணையத்திலேயே செய்யலாம். பதிந்த குறுந்தொழிலுக்கு, 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள்ளும் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும். தாமதத்துக்கு வட்டியும் உண்டு. ஒரே நிறுவனம் ஓராண்டில் தரும் தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டி.டி.எஸ். (பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். இந்த வரம்பு 2025 ஏப்ரலிலிருந்து நடப்பில் உள்ளது. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யாவிட்டால் திரும்ப வரவேண்டிய தொகையும் வராது.

ஒப்பந்தத்தில் உரிமை பற்றிய வரியையும் நிதானமாகப் படியுங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, தனியாக எழுதித் தருகிறவர்தான் முதல் உரிமையாளர். காலம் குறிப்பிடாமல் உரிமையை எழுதிக்கொடுத்தால் அது ஐந்தாண்டுக்குத்தான் செல்லும். "எல்லா உரிமைகளும், என்றென்றைக்கும்" என்ற வரி இருந்தால் அதை மாற்றச் சொல்லிக் கேளுங்கள், அல்லது விலையை ஏற்றுங்கள்.

பில்லில் தேதி, கட்டுரைத் தலைப்பு, சொல் எண்ணிக்கை, பான் எண், உத்யம் எண், வங்கி விவரம் எல்லாம் இருக்கட்டும். கட்டுரை போகிற அதே மின்னஞ்சலில் பில்லும் போகட்டும். "அப்புறம் அனுப்பலாம்" என்று வைத்த பில் பிள்ளைகளின் தேர்வு வாரத்தில் மறந்தே போய்விடும்.