‘வௌ்ளம்’ தந்த வியாபாரம்

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சான கோப்புகளை, இன்றைய பொதுக் குறியீடான யுனிகோடுக்கு மாற்றும் ஒரு சின்ன நிரலை கிளிநொச்சி வீட்டின் முன்னறையில் இருந்து எழுதி, ஜிபிஎல் உரிமத்தில் சும்மா விட்டிருந்தேன். மற்ற நிரலாளர்கள் தங்கள் மென்பொருளுக்குள் செருகிக்கொள்ளலாம்; அதை வெளியே கொடுத்தால் மூலநிரலையும் திறந்து கொடுக்க வேண்டும், அதுதான் ஜிபிஎல்.

வேலை சின்னதுதான், சிக்கல் பெரியது. பாமினியில் கொம்பு (ெ) எழுத்துக்கு முன்னால் வரும்; யுனிகோடில் பின்னால் சேமிக்கப்படும். போதாக்குறைக்கு ஔகாரத்தின் பின்பாதிக்கும் ‘ள’வுக்கும் ஒரே விசை. அவசரத்தில் எழுதிய மாற்றிகள் ‘வெள்ளம்’ என்பதை ‘வௌ்ளம்’ ஆக்கிவிடும். திரையில் பெரிதாக வித்தியாசம் தெரியாது, தேடினால் மட்டும் அகப்படாது. ளகரத்துக்குப் பின்னால் புள்ளியோ விசிறியோ (ி) இருந்தால் என் நிரல் அதை ஔகாரமாக்காது. மற்ற இடங்களில் ஔகாரச் சொற்களின் பட்டியலைப் பார்க்கும்.

2022 தொடக்கத்தில் கனடாவில் இருந்து ஒரு நிறுவனம் எழுதியது. மூலநிரலைத் திறக்காத தங்கள் மென்பொருளுக்குள் இதை வைத்து விற்க வேண்டுமாம். ஜிபிஎல் அதற்கு இடம் கொடாது. அவர்களுக்கென்று தனி உரிமம் கொடுக்கலாம் என்று பார்த்தால், நிரல் முழுக்க என்னுடையது இல்லை. மூன்று பேர் திருத்தங்கள் அனுப்பியிருந்தார்கள். அந்த வரிகளின் பதிப்புரிமை அவர்களுடையது. இரண்டு பேர் உடனே சம்மதித்தார்கள். மூன்றாமவரிடம் இருந்து பதிலே இல்லை. அவருடைய பகுதியைக் கழற்றிவிட்டு, அதைத் திரும்பிப் பார்க்காமல் புதிதாக எழுதினேன். நாலு நாள் போனது.

வியாபாரப் பெயரைப் பதிய, கிராம அலுவலரான விதானையாரிடம் போனேன்.

“என்ன தம்பி, கொமினிகேசன் கடையோ?”

“இல்லை ஐயா, மென்பொருள்.”

“அப்ப போட்டோக்கொப்பி இல்லையோ?”

கையெழுத்து வைத்துத் தந்தார். பிரதேச செயலகத்தில் மிச்ச வேலை சிக்கலில்லாமல் முடிந்தது. பேபாலில் அப்போது இலங்கைக் கணக்குக்குப் பணம் வாங்க முடியாததால் டொலர் நேரே வங்கிக்கு வரும்படி ஏற்பாடு செய்தோம்.

இழுபட்டது ஒப்பந்தம்தான். பிழை சொன்னால் நாலு மணித்தியாலத்தில் பதில் வேண்டும் என்றார்கள். மார்ச் கடைசியில் இங்கே 13 மணித்தியால மின்வெட்டு. மடிக்கணினியின் பற்றரியை நம்பி எதை வாக்குக் கொடுப்பது? ‘இரண்டு வேலைநாள்’ என்று எழுதினேன். எந்தெந்தப் பதிப்புக்குப் பொறுப்பு, பாமினி தவிர்ந்த எழுத்துருக்களுக்குப் பொறுப்பில்லை என்பதையும் எழுதினேன். விலையைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை, இந்த வரிகளைத்தான் மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் வாங்க வந்தது நிரலை இல்லை, கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆளை என்று அப்போதுதான் உறைத்தது.

காசு வந்து ஒன்பதாம் நாள் முதல் முறைப்பாடு. ‘வௌவால்’ என்பது ‘வெளவால்’ என்று மாறியிருக்கிறதாம். பார்த்தேன், பட்டியலில் வௌவாலே இல்லை. ஊரில் எல்லோரும் வவ்வால் என்று சொல்லிப் பழகியதால் எனக்கும் ஓடவில்லை. சேர்த்து அனுப்பிவிட்டு, அன்றிரவு கரண்ட் வந்ததும் இலவசப் பதிப்பிலும் ஏற்றினேன்.