டோக்கியோவில் காட்ஸில்லா எங்கே இருக்கிறது?

டோக்கியோவில் காட்ஸில்லாவைப் பார்க்க வேண்டும் என்றால் எல்லோரும் ஷின்ஜுகுவுக்குத்தான் வழி சொல்கிறார்கள். அங்கே தோஹோ திரைப்பட நிறுவனக் கட்டிடத்தின் மேலே அதன் பிரம்மாண்டமான தலை எட்டிப் பார்க்கிறது, கீழே செல்ஃபி எடுக்கும் கூட்டம். போனேன், பார்த்தேன். ஆனால் அந்த ராட்சத மிருகத்தை முதன்முதலில் திரைக்குக் கொண்டுவந்த இயக்குநர் இஷிரோ ஹோண்டாவின் படத்தை நேசிப்பவர்கள் போக வேண்டிய இடம் யுமேனோஷிமா பூங்கா.

ஷின்-கிபா ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம்தான். பூங்காவுக்குள் ஒரு கூடம், அதை அடைத்துக்கொண்டு நிற்கிறது ஒரு மரப்படகு. பெயர் டைகோ ஃபுகுர்யூ மாரு. 1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலின் பிகினி தீவுப் பக்கம் சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவின் ஹைட்ரஜன் குண்டுச் சோதனையில் கிளம்பிய வெண்சாம்பல் இதன் மேல் கொட்டியது. 23 பேர் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். செப்டம்பரில் ஒருவர் இறந்தார். அந்தச் சாம்பலில் கொஞ்சம் ஒரு சிறு குப்பிக்குள் இருக்கிறது. பார்க்கக் கோலமாவு மாதிரி. அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன்.

அதே ஆண்டு நவம்பர் 3 அன்று ஹோண்டாவின் 'காட்ஸில்லா' படம் வெளியானது. முதல் காட்சியே கடலில் ஒரு கப்பல்தான்: திடீரென்று ஒரு வெளிச்சம், அடுத்து நெருப்பு. அன்றைய பார்வையாளர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

ஹோண்டா 1911இல் யமகதா மாகாணத்தில் பிறந்தவர், அப்பா பௌத்தத் துறவி. 1933இல் சினிமாவுக்கு வந்தார். ஆனால் இளமையின் நல்ல வருடங்களைப் பட்டாளம் தின்றுவிட்டது. சீனப் போர்முனை, பிறகு போர்க்கைதி. 1946இல் ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவைக் கண்ணால் பார்த்தார். அவருடைய மிருகம் நகரத்துக்குள் வருவது எனக்கு எப்போதும் விமானத் தாக்குதல் போலவே தெரிவதற்குக் காரணம் இதுதான்.

மாலையில் கின்ஸாவுக்குப் போனேன். நாற்சந்தியில் வாகோ என்ற கடையின் கடிகாரக் கோபுரம். படத்தில் மணி அடித்ததும் காட்ஸில்லா அதைப் பிய்த்தெறியும். தந்திரக் காட்சிகளை அமைத்த எய்ஜி ட்சுபுராயாவின் குழு கட்டிய சின்ன மாதிரி நகரம் அது. பிரமிக்கத்தான் வைக்கிறது. ஆனாலும் என்னை உலுக்குவது வேறு இரண்டு இடங்கள். எரியும் தெருவில் பிள்ளைகளை அணைத்தபடி, சீக்கிரமே அப்பாவிடம் போய்விடலாம் என்று தேற்றும் தாய். மருத்துவமனையில் ஒரு குழந்தையின் அருகே கதிர்வீச்சு மானியைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையசைக்கும் விஞ்ஞானி. வேறொரு இயக்குநர் இவற்றைத் தாண்டி ஓடியிருப்பார். ஹோண்டா நின்றார்.

பிறகு ரோடன், மோத்ரா, கிடோரா என்று 1975 வரை அவர் பல மிருகங்களை இயக்கினார். கடைசிக் காலத்தில் பழைய நண்பரான இயக்குநர் அகிரா குரோசாவாவுக்குத் துணையாக 'ககேமுஷா', 'ரான்' படங்களில் உழைத்து, 1993இல் மறைந்தார். இவரை வெறும் 'மான்ஸ்டர் பட' ஆள் என்று ஒதுக்குவது அநியாயம்.

டோக்கியோ போகிறவர்கள் யுமேனோஷிமாவுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அனுமதி இலவசம், திங்கட்கிழமை விடுமுறை. படத்தைப் பார்ப்பதென்றால் 96 நிமிட ஜப்பானிய மூலத்தையே பாருங்கள். 1956இல் அமெரிக்க நடிகர் ஒருவரைச் சேர்த்து வெட்டி ஒட்டிய பதிப்பில் அணுகுண்டுப் பேச்சில் பெரும்பகுதி காணாமல் போய்விட்டது.