மாஸ்டா ஆர்எக்ஸ்-8: ஆறு எண்களைப் பார்க்காமல் காசை எடுக்காதீர்கள்

231 குதிரைத்திறன், பின்சக்கர டிரைவ், 9,000 ஆர்பிஎம் (நிமிடச் சுற்று) வரை பாடும் இன்ஜின், எதிர்த்திசையில் திறக்கும் பின்கதவு. இத்தனையும் பிரிட்டனில் இரண்டாயிரம் பவுண்டுக்குள் கிடைக்கிறது என்றால் அது மாஸ்டா ஆர்எக்ஸ்-8தான். விலை ஏன் இப்படி விழுந்தது என்று கேட்டால் ஒரே பதில்: பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர்கள் சுழலும் ரெனிசிஸ் ரோட்டரி இன்ஜின். 2003-ல் ஆண்டின் சிறந்த இன்ஜினுக்கான சர்வதேச விருது வாங்கியதும் இதே இன்ஜின்தான். அதைப் பிரித்துத் திரும்பக் கட்டும் செலவு, நீங்கள் வண்டிக்குக் கொடுத்த விலையைத் தாண்டிவிடும். பெயின்ட் பளபளப்பு, லெதர் சீட், புது டயர் எதற்கும் மயங்க வேண்டாம். இன்ஜினின் நிலைதான் வண்டியின் விலை.

முதலில் எந்த மாடல் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். இங்கே இரண்டு வகை உண்டு: ஐந்து கியருடன் 192, ஆறு கியருடன் 231. தினசரி ஓட்டத்துக்கு 192 மோசமில்லை. சக்தி குறைவு, ஆனால் டார்க் (இழுவிசை) கொஞ்சம் அதிகம், காற்றை உள்ளிழுக்கும் பக்கத்து வால்வுக் கோளாறும் குறைவு. 2009 முதல் இங்கே வந்த ஆர்3 மாடலில் பில்ஸ்டீன் ஷாக், ரெகாரோ சீட், 19 அங்குல வீல் இருக்கும். அதைவிட முக்கியம், ஒவ்வொரு ரோட்டருக்கும் எண்ணெய் ஊற்றும் மூக்குகள் இரண்டிலிருந்து மூன்றாக ஆனது. பழைய வண்டியில் நடுவில் எண்ணெய் போதாமல் தேய்ந்த இடத்துக்கு மாஸ்டாவே பின்னர் போட்ட மருந்து அது.

சாலை வரியில் ஒரு தேதியை மனதில் வையுங்கள்: 2006 மார்ச் 23. அதற்கு முன் பதிவான வண்டி 'கே' பட்டையில் நின்றுவிடும். அந்தத் தேதியிலிருந்து பதிவானது உச்சப் பட்டைக்குப் போகும். ஆண்டுக்கு 300 பவுண்டுக்கு மேல் வித்தியாசம். 2006 பதிவு என்று விளம்பரத்தில் பார்த்தால் மாதத்தையும் கேளுங்கள்.

நேரில் போவதற்கு முன் வண்டியின் எண்ணைப் போட்டு அரசு இணையதளத்தில் எம்ஓடி (ஆண்டுத் தகுதிச் சோதனை) வரலாற்றைப் படியுங்கள். இலவசம்தான். ஒவ்வொரு ஆண்டும் ஓடிய மைல், தோற்ற காரணம், 'கவனிக்க' என்று எழுதிய குறிப்பு எல்லாம் வரிசையாக இருக்கும். ஆண்டுக்கு முந்நூறு மைல்தான் ஓடியிருக்கிறது என்பதை விற்பவர் பெருமையாகச் சொல்வார். ரோட்டரிக்கு அது நல்ல செய்தியே அல்ல. குளிர்ந்த இன்ஜினோடு சும்மா நகர்த்தி நகர்த்தி நிறுத்திய வண்டி, கார்பன் கட்டி சீல்கள் (ரோட்டர் ஓரத்தில் கசியாமல் அடைக்கும் பட்டைகள்) ஒட்டிப்போயிருக்க வாய்ப்பு அதிகம்.

போனதும் போனட்டைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டியிருக்கிறார்கள், காரணம் கேளுங்கள். குளிர்ந்த நிலையில் சட்டென்று பிடிக்க வேண்டும். ஆனால் உண்மையான பரீட்சை சூட்டில்தான். இருபது நிமிடம் நன்றாக ஓட்டி, நிறுத்தி, ஐந்து பத்து நிமிடம் காத்திருந்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டு மூன்று வினாடிக்குள் பிடித்தால் சரி. இழுத்து இழுத்துச் சுற்றினால் கம்ப்ரஷன் (அறைக்குள் காற்றை அழுத்திப் பிடிக்கும் திறன்) போய்க்கொண்டிருக்கிறது. இங்கேயும் ஒரு தந்திரம் நடக்கும். வேகமாகச் சுற்றும் புது ஸ்டார்ட்டரை மாட்டினால் பலவீனமான இன்ஜினும் சூட்டில் பிடித்துவிடும். ஸ்டார்ட்டர் பளிச்சென்று புதிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

எண்ணெய் மூடியைத் திறந்தால் உள்ளே மயோனைஸ் மாதிரி வெளிர்மஞ்சள் பசை இருக்கும். பிஸ்டன் வண்டி பழகியவர்கள் ஹெட் கேஸ்கெட் போச்சு என்று ஓடிவிடுவார்கள். இந்த இன்ஜினில் ஹெட்டும் இல்லை, ஹெட் கேஸ்கெட்டும் இல்லை. ஊற்றும் குழாய் நீளமாகக் குளிர்ந்த இடத்தில் நிற்பதால் ஈரப்பதம் படிகிறது, அவ்வளவே. கூலன்ட் தொட்டியில் குமிழி வந்தால் அது வேறு விஷயம். நீர் சீல் கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம். 'கூலன்ட் குறைவு' விளக்கு மட்டும் எரிந்து, அளவு சரியாக இருந்தால், பெரும்பாலும் தொட்டிக்குள் இருக்கும் சென்சார் செத்திருக்கும்.

அடுத்து கம்ப்ரஷன். வாங்குவதா வேண்டாமா என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. ரோட்டருக்கு மூன்று முகம், இரண்டு ரோட்டர், ஆக ஆறு எண்கள் வர வேண்டும். சாதாரண பிஸ்டன் கேஜ் மூன்று முகங்களில் எது அதிகமோ அதை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு காட்டும். மற்ற இரண்டும் செத்திருந்தாலும் தெரியாது. 'கம்ப்ரஷன் பார்த்தாச்சு, நல்லா இருக்கு' என்று ஒரே எண்ணைச் சொல்லும் விளம்பரம் எதையும் சொல்லவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ரோட்டரி டெஸ்டர் வைத்திருக்கும் கராஜுக்குப் போக வேண்டும். இன்ஜின் முழுச் சூட்டில், பேட்டரி நிறைய சார்ஜோடு, ஆக்ஸிலரேட்டர் முழுவதும் மிதித்தபடி பார்க்க வேண்டும். ஸ்டார்ட்டர் எந்த வேகத்தில் சுற்றியது என்பதும் தாளில் இருக்க வேண்டும். எண்களை 250 ஆர்பிஎம்-க்கு மாற்றித்தான் ஒப்பிட வேண்டும்.

மாஸ்டாவின் கணக்கு இது: புதிதில் 8.3 பார் (அழுத்த அலகு). குறைந்தபட்சம் 6.8. ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் வித்தியாசம் 1.5-ஐத் தாண்டக் கூடாது. இரண்டு ரோட்டர்களுக்கு நடுவில் 1.0-ஐத் தாண்டக் கூடாது.

பார்க்கப் போன வண்டிகளில் ஒன்றின் தாள் இப்படி வந்தது. முன் ரோட்டர் 7.6, 7.5, 7.6. பின் ரோட்டர் 7.3, 5.9, 7.2. விற்பவர் கையில் வைத்திருந்த சாதாரண கேஜின் எண் பின் ரோட்டருக்கு ஏழுக்கு மேல். அவர் பொய் சொல்லவில்லை, கேஜ்தான் நடுவில் இருந்த 5.9-ஐ விழுங்கிவிட்டது. வித்தியாசம் 1.4தான், விதிக்குள் இருக்கிறதே என்று சமாதானம் சொல்ல முடியாது; 6.8-க்குக் கீழே போன முகம் தோற்றது தோற்றதுதான். எண்களின் வரிசையே நோயையும் சொல்லும். முனையில் இருக்கும் அபெக்ஸ் சீல் இரண்டு அறைகளுக்கு நடுவே நிற்பது. அது போனால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு எண்கள் விழும். ஒன்று மட்டும் விழுந்தால் பக்கவாட்டு சீலைச் சந்தேகிக்கலாம். மூன்றும் சமமாக இறங்கியிருந்தால் பொதுவான தேய்மானம். மூன்றில் எதுவானாலும் இன்ஜினைப் பிரிக்காமல் தீராது. அந்த வண்டியை இன்ஜின் கட்டும் செலவு கழித்த விலைக்குத் தந்தால் மட்டும் பேசலாம்.

அடியில் குனிந்து பார்க்க வேண்டியவை சில: பின்மட்கார்டின் ஓரம், கதவுக்குக் கீழே ஓடும் சில், ஜாக் வைக்கும் இடம். இம்மூன்றிலும் துரு உள்ளிருந்துதான் வரும். மேலே குமிழ் தெரிந்தால் உள்ளே ஓட்டை. முன் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று முறிந்திருக்கிறதா பாருங்கள். கிளட்ச் மிதிக்கும்போது கிரீச்சென்றால் பெடல் பிராக்கெட்டில் விரிசல். வெல்ட் செய்து தரும் கடைகள் உண்டு, ஆனால் விலையில் குறைக்கச் சொல்லலாம்.

6,000 ஆர்பிஎம்-க்கு மேல் வண்டி தூங்கினால் 231-ல் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, உள்ளிழுக்கும் பக்கத்து வால்வுகள் கார்பனில் ஒட்டியிருக்கும். சுத்தம் செய்தால் தீரும். இன்னொன்று, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (சுருக்கமாக 'கேட்') உருகி அடைத்திருக்கும். இந்த இரண்டாவதுதான் இன்ஜின்களைக் கொல்லும் சங்கிலியின் நடுக்கண்ணி. இக்னிஷன் காயில் பலவீனமாகும், ஸ்பார்க் தவறும், எரியாத பெட்ரோல் கேட்டுக்குள் போய் அங்கே எரியும், தேன்கூடு உருகும், வெளியேற முடியாத சூடு திரும்பி இன்ஜினுக்கே வரும். ஐம்பது பவுண்டுப் பொருளை மாற்றாததால் இன்ஜின் போகிற வண்டி இது. ஓடும்போது இன்ஜின் விளக்கு மினுக்கினால் உடனே காலை எடுங்கள்.

அதனால் வாங்கிய முதல் வாரமே நான்கு காயில், நான்கு பிளக், பிளக் ஒயர் மாற்றிவிட வேண்டும். பழைய காயில் எத்தனை மைல் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. முப்பதாயிரம் மைலிலேயே தளர ஆரம்பிப்பவை அவை. உதிரிபாக எண்ணின் கடைசி எழுத்து 'சி' என்றிருப்பது புதிய திருத்தம். இணையத்தில் நான்கும் சேர்த்துச் சல்லிசாக வருபவை போலி. பிளக் இரண்டு வகை: கீழே லீடிங், மேலே டிரெய்லிங். என்ஜிகே-யில் ஆர்ஈ7சி-எல் லீடிங்குக்கு, ஆர்ஈ9பி-டி டிரெய்லிங்குக்கு. மாற்றிப் போட்டால் வெப்ப அளவு தவறும். ஹவுஸிங்கில் 'டி', 'எல்' என்று வார்த்திருக்கும். இடது முன் சக்கரத்தைக் கழற்றினால் பிளக்குகள் கைக்கு எட்டும். ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள்; நான்கையும் ஒன்றாகப் பிடுங்கினால் எது எங்கே என்று அரைமணி நேரம் போகும்.

எண்ணெய். இந்த இன்ஜின் எண்ணெய் குடிக்க வேண்டும். சீல்களுக்கு மசகு போட, பம்ப் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக அறைக்குள் ஊற்றிக்கொண்டே இருக்கும். 'எண்ணெயே குடிக்காத ஆர்எக்ஸ்-8' என்று விளம்பரம் வந்தால் பம்ப் செத்த ஆர்எக்ஸ்-8 என்று படிக்கவும். இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒரு முறை டிப்ஸ்டிக்கை இழுங்கள். எண்ணெய் மாற்றும்போது மூன்றரை லிட்டர் போலத்தான் இறங்கும். மீதி கூலர்களில் தங்கிவிடும். அதனால்தான் நாலாயிரம் மைலுக்குள் மாற்றிவிடுவது நல்லது.

பெட்ரோலிலேயே டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் கலப்பதைப் பலரும் செய்கிறார்கள். லிட்டருக்கு 5 மில்லி, அதாவது 40 லிட்டருக்கு 200 மில்லி. சாம்பல் குறைந்த, ஜாசோ எஃப்டி என்ற ஜப்பானியத் தரம் இருக்க வேண்டும். படகுக்கான மலிவு எண்ணெய் வேண்டாம். முதலில் எண்ணெயை ஊற்றி, பிறகு பெட்ரோல் போட்டால் தானே கலந்துவிடும்.

டாஷ்போர்டில் இருக்கும் வெப்பமுள்ளை நம்பாதீர்கள். நடுவில் நின்றால் நின்றதுதான். அது அசையத் தொடங்கும்போது சேதம் ஆகிவிட்டிருக்கும். எண்ணெய் அழுத்த முள்ளும் முதல் தலைமுறையில் வெறும் சுவிட்ச்தான், இருக்கு இல்லை என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லாது. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் இருபது பவுண்டு ஓபிடி கருவியை மாட்டிக் கைப்பேசியில் கூலன்ட் வெப்பத்தைப் பாருங்கள். 85 முதல் 95 டிகிரி வழக்கம். 105 வந்தால் ஓரம் கட்டுங்கள்.

மாற்றங்களுக்கு வருவோம். சக்தி கூட்ட வேண்டும் என்று இதை வாங்கினால் ஏமாற்றம்தான். கூம்பு ஏர் ஃபில்டர் வெளிக்காற்றை விட்டுவிட்டு இன்ஜின் அறையின் சூடான காற்றை இழுக்கும். கம்பெனி பெட்டியே மேல். டர்போ கேட்பவர்களுக்கு: 10:1 கம்ப்ரஷன், பக்கவாட்டில் திறக்கும் எக்ஸாஸ்ட், நடுவில் இரண்டு ரோட்டருக்கும் பொதுவான ஒரு வழி. சூடு குவிய இதைவிட நல்ல இடம் கிடைக்காது. இலகு ஃப்ளைவீல் போடலாம், ஆனால் கம்பெனி ஃப்ளைவீலிலேயே சமன் எடை வார்த்திருப்பதால் தனி கவுன்டர்வெயிட் சேர்த்தே வாங்க வேண்டும். பலரும் இதை மறந்துவிட்டு கிட் பாதியில் நிற்கிறது.

கேட்டைக் கழற்றி நேர்க்குழாய் போடுவது பிரிட்டனில் வேலைக்காகாது. தொழிற்சாலையில் இருந்த கேட் இல்லையென்றால் எம்ஓடி தோல்வி. 200 செல் (சதுர அங்குலத்துக்கு 200 துளை) ஸ்போர்ட்ஸ் கேட் நியாயமான நடுவழி. ஆனாலும் அதிக ஐடிலில் (நின்றபடி இன்ஜின் வேகமாகச் சுற்றும் நிலை) கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதத்துக்குள் வர வேண்டும். பரீட்சைக்குப் போகும்போது அரைமணி நேரம் ஓட்டிச் சூட்டோடு போங்கள்; காத்திருப்பு அறையில் ஆறவிட்டால் அதுவே தோற்கக் காரணமாகும்.

இந்த வண்டியின் சொத்து சாசி. காசை அங்கே போடுங்கள்: நல்ல பிரேக் பேட், புது பிரேக் எண்ணெய், தளர்ந்த புஷ்கள், ஷாக். பின் சஸ்பென்ஷனின் அலைன்மென்ட் போல்ட்டுகள் துருவில் உள்குழாயோடு ஒன்றாகியிருக்கும். அலைன்மென்ட் கடைக்காரர் திருகிப் பார்த்துக் கையை விரிப்பார். வெட்டித்தான் எடுக்க வேண்டும். புதுப் போல்ட்டும் ஆர்மும் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள், மாட்டும்போது காப்பர் கிரீஸ் தாராளமாகத் தடவுங்கள். வீல் வாங்கினால் (ஆர்3 தவிர) 18×8 அங்குலம், ஆஃப்செட் 50 மி.மீ., போல்ட் துளைகள் 5×114.3, நடுத்துளை 67.1 மி.மீ. டயர் 225/45. உயரம் குறைப்பது 30 மி.மீ.-க்குள் இருந்தால் போதும். எதை மாற்றினாலும் இன்சூரன்ஸில் சொல்லிவிடுங்கள். ஸ்பிரிங்கும் வீலும் கூட மாற்றம்தான்.

கடைசியாக, புது சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒருமுறை மாட்டுவது: குளிர்ந்த வண்டியைப் பத்தடி நகர்த்திவிட்டு அணைப்பது. உள்ளே பெட்ரோல் நனைத்துவிடும், அடுத்த நாள் சுற்றும், பிடிக்காது. நகர்த்த வேண்டியிருந்தால் சூடாகும்வரை ஓடவிட்டே அணையுங்கள். நனைந்துவிட்டால் பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்து, ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்து, பத்து வினாடி சுற்றி, ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்து, மூன்று நான்கு முறை செய்யுங்கள். பிறகும் பிடிக்காவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடைத்து உலர்த்தி, துளைகளில் ரோட்டருக்கு ஐந்து மில்லி எண்ணெய் விட்டு, மாட்டி, ஃபியூஸைப் போட்டு, சார்ஜ் நிறைந்த பேட்டரியோடு சுற்றுங்கள். பிடிக்கும்போது தெரு முழுக்கப் புகை வரும். பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லிவைப்பது நல்லது.