13ம் நம்பர் ஜெர்சி

போன அக்டோபர்ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன், அந்த ட்ரிப்ல மனசுல நின்ன இடம் எதுன்னு கேட்டா பீச்சோ ஹாலிவுட்டோ கிடையாது, யூ.சி.எல்.ஏ. காலேஜ் கேம்பஸ்குள்ள இருக்கிற ஒரு ஹால் தான். ஒரு புதன்கிழமை மத்தியானம் தங்கச்சிக்கு ஆபீஸ், அவ பையனுக்கு ஸ்கூல் லீவு, சரி வாடா மாமா உன்னை ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்னு கிளம்பினோம். வெஸ்ட்வுட்ல பாவ்லி பெவிலியன்னு அவங்க பாஸ்கட்பால் ஸ்டேடியம் இருக்கு, அதுக்குப் பக்கத்துலயே ஜே.டி. மார்கன் சென்டர்னு ஒரு கட்டடம், அதுக்குள்ள தான் அந்த காலேஜோட ஸ்போர்ட்ஸ் ஹால் ஆஃப் ஃபேம். டிக்கெட் எல்லாம் ஒண்ணும் கிடையாது, யார் வேணா உள்ள போகலாம்.

தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன், அமெரிக்கால நிறைய யுனிவர்சிட்டில இந்த மாதிரி ஒண்ணு வெச்சிருக்காங்க. அந்த காலேஜ்ல படிச்சப்ப விளையாடி பேர் வாங்கினவங்களை படிச்சு முடிச்சு பல வருஷம் கழிச்சு திரும்பக் கூப்பிட்டு, விருந்து வெச்சு, பேரை நிரந்தரமா சுவத்துல ஏத்தறது. வெளிய அவங்க என்ன ஆனாங்கங்கிறது ரெண்டாவது, எங்க காலேஜ் ஜெர்சி போட்டு நீ ஆடினியே அதுக்காகத்தான் இந்த மரியாதைங்கிறது தான் அதோட அர்த்தம். யூ.சி.எல்.ஏ.ல இதை 1984ல ஆரம்பிச்சாங்க, முதல் தடவையே 25 பேர்.

உள்ள நுழைஞ்சா முதல்ல கோப்பைங்க தான் கண்ணுல படும், அவ்ளோ கோப்பை. தேசிய சாம்பியன்ஷிப் 100 ஜெயிச்ச முதல் காலேஜ் இவங்க தான், 2007ல அந்த நூறாவதை வாங்கிக் கொடுத்தது பொண்ணுங்க வாட்டர்போலோ டீம். அப்புறம் பாஸ்கட்பால் கோச் ஜான் வுடனோட வீட்டு ரூமை அப்படியே இங்க அமைச்சு வெச்சிருக்காங்க. 12 வருஷத்துல 10 தேசிய பட்டம் வாங்கின மனுஷன், 2010ல 99 வயசுல இறந்தாரு. கரீம் அப்துல் ஜப்பார் இவர்கிட்ட தான் ஆடினாரு, அப்ப அவர் பேரு லூ ஆல்சிண்டர், மூணு சீசன்ல ரெண்டே ரெண்டு மேட்ச் தான் தோத்தாங்க. இதெல்லாம் பையனுக்கு முன்னாடியே தெரியும், பாஸ்கட்பால் பைத்தியம் அவன், என்னைவிட அவன் தான் எனக்கு விளக்கம் சொல்லிட்டு வந்தான்.

பேருங்களை படிச்சுக்கிட்டே வந்தவன் ஒரு இடத்துல நின்னு கேட்டான், "மாமா, ஜாக்கி ராபின்சன் தெரியும், ஆர்தர் ஆஷ் தெரியும், கென்னி வாஷிங்டன்னா யாரு?"

எனக்கு சந்தோஷமாயிடுச்சு. அவர் பேரைப் பார்க்கணும்னு தான் நானே அங்க போனேன்.

கென்னி வாஷிங்டன் 1937ல இருந்து 39 வரைக்கும் யூ.சி.எல்.ஏ.க்காக அமெரிக்கன் ஃபுட்பால் ஆடினவரு, 13ம் நம்பர். லாஸ் ஏஞ்சல்ஸ்லயே வளர்ந்தவரு, பாட்டியும் சித்தப்பாவும் சேர்ந்து வளர்த்தாங்க. அந்தக் காலத்துல பெரிய காலேஜ் டீம்ல கறுப்பினத்து பசங்களை சேர்க்கவே மாட்டாங்க, சேர்த்தாலும் ஒருத்தர் ரெண்டு பேர், ஆனா 1939ல யூ.சி.எல்.ஏ. டீம்ல மட்டும் நாலு பேர் இருந்தாங்க, கென்னி வாஷிங்டன், வுடி ஸ்ட்ரோட், ரே பார்ட்லெட், நாலாவது ஆள் ஜாக்கி ராபின்சன். ஆமா, பின்னாடி பேஸ்பால் பெரிய லீக்ல நிறத்தடையை உடைச்சு சரித்திரம் படைச்ச அதே ராபின்சன் தான், அந்த டீம்ல அவர் ஜூனியர், ஸ்டார் கென்னி. அந்த வருஷம் மொத்தம் 600 நிமிஷ ஆட்டத்துல கென்னி 580 நிமிஷம் மைதானத்துல இருந்தாருன்னு சொல்லுவாங்க, ஓடுறதும் அவர் தான், பந்து எறியறதும் அவர் தான், எதிராளி ஓடி வந்தா மடக்கறதும் அவர் தான். மூணு சீசன்லயும் சேர்த்து பந்தோட அவர் ஓடின மொத்த தூரம் 1914 யார்டு, அந்த காலேஜ்ல அந்த ரெக்கார்டை முறியடிக்க 34 வருஷம் ஆச்சு.

1939 சீசனோட கடைசி மேட்ச் உள்ளூர் எதிரி காலேஜ் யூ.எஸ்.சி.கூட, ஒரே ஊர்ல ரெண்டு காலேஜ், பகைன்னா அப்படி ஒரு பகை. லட்சம் பேருக்கு மேல கொலீசியம் ஸ்டேடியத்துல உட்கார்ந்திருக்காங்க. ஜெயிச்சா ரோஸ் பௌல்ங்கிற பெரிய மேட்ச்சுக்குப் போகலாம். கடைசி நிமிஷங்கள்ல கோடு வரைக்கும் பந்தைக் கொண்டுபோயிட்டாங்க, உதைச்சு மூணு பாயின்ட் எடுக்கலாமா இல்ல பந்தை கோட்டுக்கு அந்தப் பக்கமே கொண்டுபோய் முழு டச்டவுனுக்கே போலாமான்னு மைதானத்துலயே வட்டமா நின்னு ஓட்டு போட்டாங்களாம், அஞ்சுக்கு அஞ்சு, கடைசில ஆட்டத்தை நடத்துற குவார்ட்டர்பேக் பையன் டச்டவுன்னு முடிவு பண்ணினான், எறிஞ்ச பந்தை எதிராளி தட்டி விட்டுட்டான், மேட்ச் 0-0. ரோஸ் பௌலுக்கு யூ.எஸ்.சி. போச்சு. ஆனா கென்னி மைதானத்தை விட்டு வெளிய நடந்து வரும்போது மொத்த ஸ்டேடியமும் எழுந்து நின்னு கை தட்டுச்சு. இதை பையனுக்குச் சொல்லும்போதே எனக்கு தொண்டை அடைச்சுக்கிச்சு.

அதுக்கப்புறம் நடந்தது தான் கொடுமை. இப்படி ஆடின ஒரு ஆளை என்.எஃப்.எல்.ங்கிற ப்ரொஃபஷனல் லீக்ல எந்த டீமும் எடுக்கல. என்.எஃப்.எல்.ல 1934ல இருந்து 1945 வரைக்கும் ஒரு கறுப்பு ப்ளேயர் கூட கிடையாது, எழுதி வெச்ச சட்டமும் இல்ல, எல்லா முதலாளியும் சேர்ந்து வாயைத் திறக்காம கடைப்பிடிச்ச ஒரு வழக்கம். கென்னி போலீஸ்ல வேலைக்குச் சேர்ந்தாரு, ஞாயித்துக்கிழமைல ஹாலிவுட் பேர்ஸ்னு மேற்குக் கரையில இருந்த ஒரு சின்ன லீக் டீமுக்கு ஆடினாரு. ஒரு ஃபுட்பால் ப்ளேயரோட நல்ல வயசு எதுன்னு பார்த்தா 21ல இருந்து 27 வரைக்கும் தான், அந்த ஆறு வருஷமும் அப்படியே போச்சு, முட்டியில ஆபரேஷன் மேல ஆபரேஷன்.

1946ல கிளீவ்லாண்ட்ல இருந்த ராம்ஸ் டீம் லாஸ் ஏஞ்சல்ஸ்க்கு மாறி வந்தப்ப, அதே கொலீசியம் தான் அவங்களுக்கு வேணும். அது ஜனங்களோட வரிப்பணத்துல நடக்கிற ஸ்டேடியம், எங்க காசுல ஆடிட்டு எங்க பிள்ளைங்களை சேர்க்க மாட்டேன்னா எப்படின்னு ஹாலி ஹார்டிங்னு ஒரு கறுப்பினப் பத்திரிகைக்காரர் ஸ்டேடியம் கமிட்டி கூட்டத்துல எழுந்து நின்னு கேட்டுட்டாரு. அந்த நெருக்கடில தான் மார்ச் மாசம் கென்னியை ஒப்பந்தம் பண்ணாங்க, கொஞ்ச நாள்ல வுடி ஸ்ட்ரோடையும் சேர்த்தாங்க. ஜாக்கி ராபின்சன் ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ் பேஸ்பால் டீமுக்காக இறங்கினது 1947 ஏப்ரல்ல, அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே கென்னி அந்தச் சுவரை உடைச்சிருக்காரு, ஆனா இதை எத்தனை பேர் சொல்லி நாம கேட்டிருக்கோம். அந்த மோசமான முட்டியோட 1947ல ஒரே ஓட்டமா 92 யார்டு ஓடி டச்டவுன் எடுத்தாரு, 1948ல முடிச்சுக்கிட்டாரு. 1971ல இறந்தப்ப வயசு 52. ப்ரோ ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம்ல இன்னிக்கு வரைக்கும் அவர் இல்ல, மூணு வருஷம் தான் ஆடினாரு, புள்ளிவிவரம் போதாதுன்னு. மீதி வருஷத்தை யார் திருடினது?

காலேஜ் மட்டும் விடல. 13ம் நம்பர் ஜெர்சியை வேற யாருக்கும் கொடுக்கிறதில்லன்னு முடிவு பண்ணிட்டாங்க. 1984ல அந்த முதல் 25 பேர்ல அவர் பேரும் இருந்துச்சு. ஆனா அதைப் பார்க்க அவர் உயிரோட இல்ல, அது தான் எனக்கு இன்னும் ஆறவே இல்ல.

பையன் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அப்போ ராபின்சன் இவரோட ஃப்ரெண்டா மாமா?"ன்னு கேட்டான். ஒரே டீம்டா, சேர்ந்து ஆடினவங்கடான்னேன்.

ராபின்சனைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். ஒரே வருஷத்துல நாலு விளையாட்டுல அந்த காலேஜ் லெட்டர், அதாவது டீமுக்காக ஆடினதுக்கு கொடுக்கிற அடையாளம், வாங்கின முதல் ஆள் அவர். ஃபுட்பால், பாஸ்கட்பால், தடகளம், பேஸ்பால். 1940ல காலேஜ் லெவல் தேசிய லாங் ஜம்ப் சாம்பியன், 24 அடி 10¼ இன்ச் தாண்டியிருக்காரு, அந்த வருஷம் ஒலிம்பிக்ஸ் யுத்தத்தால நடக்கவே இல்ல. அந்த நாலுலயும் ரொம்ப சுமாரா ஆடினது எதுன்னு பார்த்தா பேஸ்பால் தான், முதல் மேட்ச்ல நாலுக்கு நாலு அடிச்சவரு சீசன் முடியும்போது சராசரி .097, அதாவது பத்து தடவை அடிக்க வந்தா ஒரு தடவை கூட முழுசா தேறல. 1941ல டிகிரி முடிக்காமலே வெளிய வந்துட்டாரு, அம்மா ஒத்த ஆளா வீட்டு வேலை செஞ்சு அஞ்சு பிள்ளையை வளர்த்தவங்க, குடும்பத்துக்கு சம்பாத்தியம் வேணும். அவரோட அண்ணன் மாக் ராபின்சன் 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸ்ல 200 மீட்டர்ல ஜெஸ்ஸி ஓவன்ஸ்க்கு அடுத்து வெள்ளி வாங்கிட்டு வந்தவரு, ஊருக்குத் திரும்பினதும் கிடைச்சது பாசடேனால தெரு கூட்டுற வேலை. டிகிரி முடிக்காத அந்த தம்பிக்காக 2014ல யூ.சி.எல்.ஏ. 42ம் நம்பரை ஆண், பெண்னு எல்லா விளையாட்டுலயும் ஒரேயடியா நிறுத்தி வெச்சிருச்சு, இனிமே அந்த காலேஜ்ல புதுசா யாருக்கும் அந்த நம்பர் கிடையாது. இத்தனைக்கும் அங்க படிச்சப்ப அவர் போட்ட நம்பர் 42 கிடையாது, அது டாட்ஜர்ஸ்ல போட்டது.

தடகளத்துல எனக்குப் பிடிச்ச கதை ரேஃபர் ஜான்சனும் சி.கே. யாங்கும். யாங் தைவான்காரரு, ரெண்டு பேருமே யூ.சி.எல்.ஏ.ல டக்கி ட்ரேக்னு ஒரே கோச்கிட்ட பயிற்சி எடுத்தவங்க, 1960 ரோம் ஒலிம்பிக்ஸ்ல டெகாத்லான்ல ஒருத்தருக்கொருத்தர் எதிரி. பத்து ஈவன்ட்ல ஏழுல யாங் முந்தினாரு, ஆனா எறியற ஈவன்ட் மூணுலயும் ரேஃபர் எடுத்த பாயின்ட் அதிகம். கடைசி 1500 மீட்டர்ல யாங் 10 செகண்ட் வித்தியாசத்துல முந்தினா தங்கம் அவருக்கு. கோச் ரெண்டு பேருக்கும் தனித்தனியா யோசனை சொன்னாராம், நீ அவனை விட்டு ஓடிடு, நீ அவன் முதுகை விடாதேன்னு. ரேஃபர் விடல, 1.2 செகண்ட் தான் வித்தியாசம். ஓடி முடிச்சதும் ரெண்டு பேரும் ஒருத்தர் தோள்ல ஒருத்தர் சாஞ்சு நின்னாங்க. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸ்ல தீபம் ஏத்தினது இந்த ரேஃபர் தான், அதே வருஷம் தான் இந்த ஹால்லயும் அவர் பேரு ஏறுச்சு. நானும் காலேஜ்ல 400 மீட்டர் ஹர்டில்ஸ் ஓடினவன், கடைசி 100 மீட்டர்ல அடுத்த லேன்காரன் மூச்சு சத்தம் கேட்டுக்கிட்டே ஓடறது எப்படின்னு தெரியும், அதனாலயோ என்னவோ அந்த இடத்துல ரொம்ப நேரம் நின்னுட்டேன்.

பொண்ணுங்கள்ல ஆன் மையர்ஸ், 1974ல அந்த காலேஜ் நாலு வருஷ முழு ஸ்காலர்ஷிப் கொடுத்த முதல் பெண் பாஸ்கட்பால் ப்ளேயர். காலேஜ் காசுல விளையாட்டை கவனிக்கலாம்ங்கிறதே அதுக்கு முன்னாடி பொண்ணுங்களுக்கு கனவு தான். ஜாக்கி ஜாய்னர் கெர்சியும் இங்க நாலு வருஷம் பாஸ்கட்பால் ஆடிக்கிட்டே தான் ஏழு ஈவன்ட் சேர்ந்த ஹெப்டாத்லானும் பண்ணினாங்க.

வெளிய வந்து புல்தரையில உட்கார்ந்து தங்கச்சி கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதத்தை சாப்பிட்டோம். அப்ப எனக்கு எங்க காலேஜ் ஞாபகம் தான். எங்க ஜிம்முக்கு வெளிய ஒரு பெரிய மரப்பலகை இருந்துச்சு, பச்சை கலர் அடிச்சு, வெள்ளை பெயின்ட்ல வருஷம், பேரு, ஈவன்ட். யுனிவர்சிட்டி டீமுக்கு செலக்ட் ஆனா தான் அதுல பேரு வரும். பி.டி. சார் காலைல 5.30க்கு கிரவுண்ட் வரும்போது அந்தப் பலகையைத் தாண்டித்தான் வரணும், லேட்டா வந்தவனை அது முன்னாடி நிக்க வெச்சு "படிடா ஒவ்வொரு பேரா"ன்னுவாரு, அப்படியே 1960கள்ல இருந்து எல்லா பேரும் எங்களுக்கு மனப்பாடம். என் பேரு ஏறின அன்னிக்கு அப்பாவை ஊர்ல இருந்து பஸ்ல வரவழைச்சு காட்டினேன், அவர் வேட்டி நுனியால அந்த எழுத்து மேல இருந்த தூசியைத் துடைச்சாரு.

சில வருஷம் முன்னாடி போனப்ப அந்த ஜிம் இடிச்சு புது பில்டிங் கட்டியிருந்தாங்க. பலகை எங்கன்னு கேட்டா யாருக்கும் தெரியல. என் பேரு போனது கூட பரவாயில்ல, எனக்கு முன்னாடி செருப்பில்லாம ஓடி ஜெயிச்ச அண்ணன்மாருங்க பேரு போச்சே, அவங்கள்ல பல பேருக்கு வேற எந்த சர்டிஃபிகேட்டும் மிச்சம் இருக்காது. இதை பையன்கிட்ட சொன்னேன். அவன் சாதத்தை மென்னுக்கிட்டே, "உங்களுக்கு தான் எல்லா பேரும் மனப்பாடம்னு சொன்னீங்களே மாமா, எழுதுங்க"ன்னான்.

அன்னிக்கு ராத்திரியே தங்கச்சி வீட்டு டைனிங் டேபிள்ல உட்கார்ந்து எழுத ஆரம்பிச்சேன். 43 பேரு ஞாபகம் வந்துச்சு. பேட்ச் வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன், ஒருத்தன் 9 பேரு சேர்த்தான், இன்னொருத்தன் கல்யாண ஆல்பத்துல இருந்து ஒரு போட்டோ அனுப்பினான், நாலு பேர் ட்ராக் சூட்ல நிக்கிறோம், பின்னாடி அந்தப் பலகையோட வலது பக்கம் கொஞ்சம் தெரியுது. பெருசு பண்ணிப் பார்த்தா 11 பேரு தெளிவா படிக்க முடியுது, அதுல 6 எங்க லிஸ்ட்ல ஏற்கனவே இருக்கு. மீதி 5 பேரையும் சேர்த்து இப்ப 57. 1972க்கும் 75க்கும் நடுவுல தான் இன்னும் இடைவெளி, அந்த வருஷத்து ஆளுங்க யாராவது இதைப் படிச்சீங்கன்னா எனக்கு ஒரு வரி எழுதுங்க அண்ணே.