மே மாதம், பேட்டன் ரூஜ், அமெரிக்காவின் லூயிசியானா

மே 10, சனி
மாப்பிள்ளை ஓக் ஆலி என்ற பழைய கரும்புத் தோட்டத்துப் பங்களாவுக்குக் கூட்டிப்போனார். ஆற்றங்கரையிலிருந்து பங்களா வாசல் வரை இரண்டு வரிசையாக 28 ஓக் மரங்கள். அதன் அடியில் ஒரு கல்யாண ஜோடி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. பங்களாவுக்குப் பின்னால் அடிமைகளின் குடிசைகள். 2013-ல் புதிதாகக் கட்டி வைத்தவை. பழையது ஒன்றும் மிஞ்சவில்லை. அங்கே பாதிப் பேர் வருவதேயில்லை, மர நிழலோடு திரும்பிவிடுகிறார்கள்.

அங்கே அடிமையாக இருந்த அந்த்வான் என்றொரு தோட்டக்காரர். பீக்கன் என்ற கொட்டை மரத்தில் ஒட்டுக் கட்டி ஜெயித்தவர், 1846 வாக்கில். சொத்துக் கணக்கில் அவருக்கு வயது 38, விலை 1,000 டாலர்.

மே 11
மகளுக்கு இன்னும் பிரசவ வலி வரவில்லை. கால் வீக்கம்தான்.

மே 13
ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து பீக்கன் போட்ட இனிப்பு வேண்டும் என்கிறாள். கடலை மிட்டாய் மாதிரிதான், பாகு இன்னும் கொழகொழவென்று. டப்பாவே காலி. நான் ஒரு துண்டு வாயில் போட்டேன். 38 வயது.

மே 15, வியாழன்
நாட்டோவே என்ற இன்னொரு பழைய தோட்டத்துப் பங்களா எரிந்துவிட்டது. இங்கிருந்து கிட்டத்தான், ஆற்றோரமாகத் தெற்கே. 1859-ல் கட்டியது, 64 அறை. யாருக்கும் காயமில்லை. சாயங்காலம் முழுக்க டிவியில் அதே புகை. 'எங்கள் கல்யாணம் அங்கேதான் நடந்தது' என்று அழுகிறவர்கள் ஒரு பக்கம். ஒழிந்தது என்று கொண்டாடுகிறவர்கள் இன்னொரு பக்கம். அதைக் கட்டிய குடும்பத்திடம் அடிமைகளாக 155 பேர் இருந்தார்களாம். "எரிந்தது நல்லதா கெட்டதா, அத்தை?" என்றார் மாப்பிள்ளை. வாய் வரைக்கும் இரண்டு பதிலும் வந்தது. அங்கே உழைத்த கைகள் யாருடையவை? இனி எதைக் காட்டி அதைச் சொல்வார்கள்? ஆனால் இத்தனை வருஷம் அங்கே சொன்னதென்ன, கல்யாண மண்டபம் என்றுதானே.

பருப்பு ரசம் தீய்ந்துபோனது.

மே 16
ஒன்றுமில்லை.

மே 18, ஞாயிறு
மேல்வீட்டுத் தெலுங்கு அம்மாவின் மகன் விட்னிக்குப் போகிறான் என்றதும் நானும் தொற்றிக்கொண்டேன். இவளை வரச் சொல்லவில்லை. வெயில் என்று சொல்லிவிட்டேன்.

விட்னியும் பழைய கரும்புத் தோட்டம்தான், இப்போது அடிமைகளின் கதையைச் சொல்லும் மியூசியம். 2014 கடைசியில் திறந்த இடம். இங்கே பங்களா முக்கியமில்லை. முதலில் ஒரு கோயில், உள்ளே களிமண் நிறத்தில் குழந்தைச் சிலைகள், தொப்பியும் கிழிசல் சட்டையுமாக. வழியெல்லாம் கரும்பு, இன்னும் முழங்கால் உயரம். ஒரு பக்கம் இரும்புக் கொப்பரைகள் கிடந்தன. எங்கள் ஊரில் வெல்லம் காய்ச்சும் அதே வடிவம்! அப்பா தோளில் துண்டோடு துடுப்புப் போடுவார், நாங்கள் பதம் கேட்டு நிற்போம். இங்கே அறுவடைக் காலத்தில் ராப்பகலாகக் கொதிக்கும், தூங்கி விழுந்தால் கை போகும். கொப்பரையைத் தொட்டுப் பார்க்கப் போனேன், தொடவில்லை.

பலகைகளில் 'அடிமை' என்று இல்லை, 'அடிமையாக்கப்பட்டவர்' என்றுதான் இருக்கிறது. முன்பெல்லாம் இந்த மாதிரி பங்களாக்களில் 'வேலைக்காரர்கள்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்களாம். சம்பளம் வாங்கினவர்கள் மாதிரி.

கறுப்புக் கல்லில் பெயர்கள். 107,000 பேர், லூயிசியானா முழுக்கச் சேர்த்தது. பாதிக்கு மேல் ஒற்றைப் பெயர்தான். மரி, மரி, மரி. எங்கள் ஊர் மாரி மாதிரியே காதில் விழுகிறது.

அப்புறம் குழந்தைகள் பெயர் உள்ள இடம். அதை எழுத வேண்டாம்.

மே 19
எழுதிவிடுகிறேன். 2,200. இந்தப் பக்கத்து ஒரே வட்டாரத்தில், 1823 முதல் 1863 வரை செத்துப்போன குழந்தைகள். நடுவில் ஒரு கறுப்புத் தேவதை, கையில் சிசு. நான் நின்ற நிலையில் ஒரு வரிசை முழுவதும் படித்தேன். படிக்காமல் வந்திருக்க வேண்டும்.

"என்னம்மா பார்த்தே?" என்றாள். கொப்பரை பார்த்தேன் என்றேன்.

மே 20
போனில் பெயர்ப் பட்டியல் வைத்திருக்கிறாள். முகில், ஆதிரை, இன்னும் என்னென்னவோ. எதைச் சொன்னாலும் கல்லில் வெட்டினால் எப்படி இருக்கும் என்றே தோன்றுகிறது. சனியன் பிடித்த புத்தி. விளக்கேற்றினேன்.

மே 21
வெள்ளிக்கிழமை வரை பார்ப்போம், வலி வராவிட்டால் வரவைத்துவிடலாம் என்றார் டாக்டர். அந்த்வான் ஒட்டுக் கட்டிய ரகத்துக்குப் பிறகு 'சென்டெனியல்' (நூற்றாண்டு) என்று பெயர் வைத்தார்களாம், 1876 அமெரிக்க நூற்றாண்டுக் கண்காட்சியில் பரிசு வாங்கியதால். மரத்துக்குக்கூடத் தன் பெயரைத் தரமுடியவில்லை. இதை ஏன் மறுபடி மறுபடி நினைக்கிறேன்?

மே 23, காலை 3.40
பனிக்குடம் உடைந்துவிட்டது. மாப்பிள்ளை காரை எடுக்கிறார். பையில் பழைய வேட்டித் துணி வைத்தேனா